குப்பையைக் கொளுத்தலாமா? எடுக்க வேண்டியது யார்?

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் வளவு பெரிது. ஆனபடியால் குப்பை பலருக்கு ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை. பின்னேரம் முற்றம் கூட்டி, மாஞ்சருகோடு சொப்பிங் பையும் பால்மாப் பைக்கற்றும் யோகட் கப்பும் வேலியோரம் குவியும். ஒரு நெருப்புக்குச்சியோடு வேலை முடிந்துவிடும்.

2017 செப்டெம்பர் 1 முதல் இது சட்டத்துக்கு மாறான காரியம். அந்த ஆண்டு ஏப்ரலில் கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு தொகுதி வர்த்தமானி அறிவித்தல்கள் வந்தன. பிளாஸ்டிக் சேர்ந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை அதில் ஒன்று தடை செய்கிறது. சொந்த வளவுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. மிஞ்சிய சாம்பலும் உருகிய கட்டியும் மாரி மழையோடு மண்ணுக்குள் இறங்குகின்றன. சிறுநீரக நோய்க்குப் பயந்து, சைக்கிள் கரியரில் கான் கட்டி வடிகட்டிய தண்ணீர் எடுத்து வருகிற குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனையோ. அந்த நோய்க்கு எரிப்புத்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குடிதண்ணீருக்கு இவ்வளவு பாடுபடுகிற ஊரில் கிணற்றடியில் பிளாஸ்டிக் கொளுத்துவது எந்த வகையிலும் சரியில்லை.

அதே 2017 அறிவித்தல்களில்தான் சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்சீற்றும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனும் தடையாயின. 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் எதுவானாலும் பொலித்தீன் கொடி கட்டி அலங்கரிக்கவும் கூடாது. குருத்தோலைத் தோரணமும் வாழையும் இருக்கிற ஊருக்கு அது ஒரு குறையே இல்லை.

2023 ஒக்டோபர் 1 இல் அடுத்த பட்டியல் வந்தது: ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு உண்டு, அதன் கரண்டிக்கு இல்லை. தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவது பெரிய புண்ணியம். அதைச் சில்வர் குவளையில் ஊற்றி, பக்கத்தில் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் போதும். வீதி நெடுக மிதிபட்ட கப்புகளை மறுநாள் யாரும் பொறுக்க வேண்டியிராது.

கடைகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் புது விதி. சொப்பிங் பையைச் சும்மா தரக் கூடாது. அதன் விலை பில்லில் தெரிய வேண்டும். இது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பணிப்பு. சந்தைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் ஹாண்டிலில் ஒரு துணிப்பையும், மீனுக்கு ஓர் ஓலைப் பையான உமலும் கொழுவிக்கொண்டு போனால் காசு மிச்சம்.

சரி, கொளுத்தக் கூடாது என்றால் குப்பையை என்ன செய்வது? சமையல் கழிவையும் சருகையும் கிணற்றுக்குத் தள்ளி ஒரு குழியில் போட்டு மண் தூவினால், அடுத்த போகத்துக்குக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளை. பிளாஸ்டிக், போத்தல், தகரத்தைக் கழுவிக் காயவைத்து உரப்பையில் தனித்தனியாகச் சேருங்கள். மழை படாமல் வையுங்கள். சிரட்டை, பழைய ரயர், தகரப் பேணியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் இருப்பவர்தான் பொறுப்பு.

அந்த உரப்பையை எடுக்க வேண்டியது சபை. இங்கேதான் சனம் தன் உரிமையைக் கேட்காமல் விடுகிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 93 ஆம் பிரிவில், வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் உரிய காலத்தில் அகற்றி முறையாக ஒழிப்பதைச் சபையின் கடமையாக வைக்கிறது. கரைச்சி, புதுக்குடியிருப்பு, மாந்தை கிழக்குப் பிரதேச சபைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நகரசபை, மாநகரசபைகளுக்கும் அவற்றுக்குரிய கட்டளைச் சட்டங்களில் இதே கடமை உண்டு. அள்ளினால் மட்டும் போதாது, கொட்டுகிற இடமும் சரியாக இருக்க வேண்டும். வவுனியாவில், பம்பைமடுவில் கொட்டிய குப்பைக்கு எதிராகச் சாளம்பைக்குளம் மக்கள் வீதிக்கு இறங்கியது அதற்காகத்தான்.

சபையின் குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் உங்கள் ஒழுங்கைக்கு வருவதே இல்லையா? முதலில் சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த ஒழுங்கைக்கு எந்த நாளில் குப்பை எடுக்கப்படுகிறது, எங்கே கொட்டப்படுகிறது, இதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் சபையின் தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தனியே போடுவதைவிட, ஒழுங்கையில் இருக்கிற நாலைந்து வீட்டார் ஆளுக்கொரு கேள்வியாகப் போடுங்கள்.