பலகையில் பூஜ்ஜியம் வந்த பிறகும் ஓர் உதை

வெள்ளிக்கிழமை மாலைகளில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்து ஆட்டங்களுக்கு நான் நடுவராகப் போகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. இங்கே தமிழ்ப் பிள்ளைகளும் தலைக்கவசம் அணிந்து இறங்குவதால், பெற்றோருக்கும் புதிய பயிற்சியாளர்களுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஓர் ஆட்டத்தின் முதல் பாதியில் கடைசிச் சில வினாடிகள். தன் எல்லைக்குள் முடங்கிய அணி பந்தை உயரமாக உதைத்து அனுப்பியது. இதைப் பன்ட் என்பார்கள். வாங்க வேண்டிய பையன் இரு கைகளையும் ஏந்தி, அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பந்து அவன் கைக்கு வருமுன்பே எதிரணிப் பையன் முழு வேகத்தில் வந்து மோதினான். தவறு நடந்தது என்று காட்டும் மஞ்சள் கொடியை எறிந்தேன். பந்து உருண்டு நிற்பதற்குள் கடிகாரப் பலகையில் பூஜ்ஜியம் விழுந்துவிட்டது. இரு அணிகளும் உடை மாற்றும் அறையை நோக்கி ஓடின; இசைக்குழு மைதானத்துக்குள் கால் வைத்தது. எல்லோரையும் திரும்ப அழைத்தோம்.

“நேரம்தான் முடிந்துவிட்டதே சார், எப்படி ஆடுவீர்கள்?” என்று வேலியோரம் நின்ற ஒரு தமிழ்த் தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். பாதியின் கடைசி டவுனின்போது (ஒரு முறை பந்தை ஆடுவதுதான் ஒரு டவுன்) தவறு நடந்து, பாதிக்கப்பட்ட அணி தண்டனையை ஏற்றுக்கொண்டால், கடிகாரம் ஓடாமல் இன்னும் ஒரு டவுன் ஆடவேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் மோதல் அவற்றில் சேராது. அந்த விதி இல்லாவிட்டால், வினாடிகள் தீரப்போகிறது என்று தெரிந்தவன் துணிந்து மோதுவான். பன்டில் இந்த ஆபத்து அதிகம். உதைத்த பந்து நாலைந்து வினாடி காற்றிலேயே இருக்கிறது, கடிகாரமும் அதோடு ஓடுகிறது, 22 பேரும் மைதானம் முழுக்கச் சிதறி ஓடுகிறார்கள்.

அன்று மோதப்பட்ட பையனின் அணிக்கு இன்னொரு உரிமையும் இருந்தது. மோதல் நடந்த இடத்திலேயே பந்தைப் பிடித்ததாகக் கணக்கு. அங்கிருந்து தடுப்பவர் நெருங்காமல் நேராக கோலுக்கு உதைக்கலாம். இதற்கு ஃபேர் கேட்ச் கிக் என்று பெயர். எதிரணி 10 யார்டு தள்ளி நிற்கவேண்டும். பந்தைப் பின்னால் எறிந்து வாங்கும் வேலை இல்லாததால், வழக்கமான ஃபீல்டு கோலைவிட (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) ஏழெட்டு யார்டு மிச்சம். பயிற்சியாளருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தலைமை நடுவர் விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டார். உதை குறுக்குக் கம்பிக்குக் கீழே விழுந்தது. ஆனால் அந்த வாய்ப்பு அவர்களுடையது, அதை அவர்கள் ஆடிவிட்டார்கள்.

2024 டிசம்பர் 19 அன்று தொழில்முறை ஆட்டத்திலேயே இதைப் பார்த்தோம். டென்வர் பிராங்கோஸ் முதல் பாதி முடியும் தறுவாயில் பன்ட் உதைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸின் டேரியஸ் டேவிஸ் கையசைத்து ஃபேர் கேட்ச், அதாவது யாரும் மோதாமல் பந்தைப் பிடிக்கும் உரிமை, கேட்டிருந்தார். டென்வர் வீரர் அவரை இடித்துவிட்டார். 15 யார்டு தண்டனை. நேரம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் சார்ஜர்ஸின் கேமரூன் டிக்கர் 57 யார்டிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்தார். இப்படி ஓர் உதை உள்ளே போனது 1976-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 21-10 என்று பின்தங்கியிருந்த சார்ஜர்ஸ் கடைசியில் 34-27 என்று வென்றது.

நடுவர்களாகிய நாங்கள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 நவம்பர் 7 சியாட்டில் ஆட்டம் இருக்கிறது. முதல் பாதியின் கடைசியில் பஃபலோவின் டான் கார்ப்பென்டர் ஃபீல்டு கோல் உதைக்க வந்தபோது, சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் எல்லையை முன்கூட்டியே தாண்டி வந்து அவர் காலில் விழுந்தார். எல்லை தாண்டியது (ஆஃப்சைடு) மட்டுமே தண்டிக்கப்பட்டது; மோதியதற்குத் தண்டனை இல்லை. சிகிச்சைக்கு ஆள் உள்ளே வந்ததால் கார்ப்பென்டர் ஒரு டவுன் வெளியே நிற்க நேர்ந்தது. மீண்டும் வந்தபோது ஒரு நடுவர் பந்தருகே நின்றிருந்தார். அவர் விலகிய பின் தயாராக அவகாசமின்றித் தாமதத் தண்டனை விழுந்தது. 5 யார்டு பின்னுக்குப் போய் உதைத்த பந்து விலகியது. மோதலைத் தண்டிக்காததும் தாமதத் தண்டனை கொடுத்ததும் இரண்டுமே பிழை என்று லீக்கின் நடுவர் துறைத் தலைவர் பின்னர் ஒப்புக்கொண்டார். பஃபலோ 31-25 என்று தோற்றது. அந்த மூன்று புள்ளிகள் இருந்திருந்தால் கடைசி நிமிடத்தில் ஒரு ஃபீல்டு கோலே சமன் செய்யப் போதுமானதாக இருந்திருக்கும். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தொலைக்காட்சியில் பார்த்ததை அப்படியே பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவரவும் வேண்டாம். என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக்கில் உதைக்கும் அணியே ஃபீல்டு கோலின்போது ஆளைப் பிடித்து இழுத்தால், எடுத்த புள்ளி செல்லாது, பாதியும் முடிந்துவிடும். பள்ளி விதியிலோ, எதிரணி தண்டனையை ஏற்றால் 10 யார்டு பின்னால் போய் மறுபடி உதைக்கலாம்.

ஆகவே பயிற்சியாளர்களே, கடைசி வினாடிகளில் பன்ட் என்றால் பிள்ளைகளை அறைக்கு அனுப்பாதீர்கள். கொடி எதுவும் கிடக்கிறதா என்று எங்களில் ஒவ்வொருவரும் சுற்றிப் பார்ப்போம். பிறகு தலைமை நடுவர் பந்தை ஒற்றைக் கையில் தலைக்கு மேல் உயர்த்துவார். அதுவரை இசைக்குழுவும் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும்.