கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் முன் பவர் சப்ளையைத் திருப்பிப் பாருங்கள்

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு பொடியன், உரப்பையால் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிய கொம்பியூட்டரோடு கிளிநொச்சியில் உள்ள என் கடைக்கு வந்தான். "அண்ணை, கார்ட் பழுது. கேம் தொடங்கிப் பத்து நிமிசத்தில எல்லாம் நிண்டு போகுது." சுவிசில் இருக்கும் மாமா அனுப்பிய காசில், கொழும்பில் பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். மூடியைக் கழற்றியதுமே பிளாஸ்டிக் கருகிய மணம். கார்டுக்கு எட்டுப் பின் வயர் வேண்டும், கொம்பியூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான அவனுடைய பவர் சப்ளையில் அது இல்லை, அதனால் கார்டோடு கொடுத்துவிட்ட ஒரு அடாப்டரைப் பழைய நாலு பின் பிளக்குகள் இரண்டில் செருகியிருந்தான். அதில் ஒன்றின் மஞ்சள் வயர் போகும் ஓட்டை பழுப்பு நிறமாகி இளகிப்போய்க் கிடந்தது.

கார்டில் ஒரு பழுதும் இல்லை. பவர் சப்ளையைக் கழற்றித் திருப்பி லேபிளைக் காட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே சின்னக் கட்டத்துக்குள் +12 வோல்ட், 17 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினேழால் பெருக்கினால் 204 வாட், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 580 மட்டுமே 185 வாட் கேட்கும். மிச்சமிருக்கிற 19 வாட்டில் பிராசஸர், ஹார்ட் டிஸ்க், காற்றாடிகள் எல்லாம் ஓட வேண்டுமென்றால் எப்படி? கேமிங் கார்டுகள் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன, ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சின்னக் கட்டத்தைத்தான். சில லேபிள்களில் 12 வோல்ட் இரண்டு வரியாக இருக்கும், இரண்டையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று போட்டிருப்பதுதான் கணக்கு.

இன்னொன்றும் தெரிந்திருங்கள். மதர்போர்ட் ஸ்லொட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். ஆறு பின் வயர் இன்னொரு 75, எட்டுப் பின் வயர் 150. பவர் சப்ளையில் எட்டுப் பின் வயர் இல்லையென்றால் அது சும்மா விடுபட்டதல்ல, அந்தப் பெட்டி அவ்வளவு தாங்காது என்று செய்தவனே சொல்கிறான். ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து எடுக்கும் அடாப்டர் இன்னும் மோசம், அந்த பிளக் 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டது.

இங்கே வீடுகளில் இருப்பவற்றில் கனக்க, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி கொம்பியூட்டர்கள். நல்ல உழைப்பாளிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல மொடல்களில் பவர் சப்ளையின் வடிவமும் பிளக்கும் வேறு, கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை அதற்குள் போகாது. ஒல்லிக் கொம்பியூட்டரென்றால் உயரம் குறைந்த கார்டுதான் கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்ட். அதிலும் வயர் கேட்கும் மொடல்கள் இருக்கின்றன, படத்தில் கார்டின் ஓரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிதாகத் தெரியும், ஆனால் அது மதர்போர்டோடு தகவல் பரிமாறும் பாதைகளில், அதாவது லேன்களில், நாலில் மட்டும் ஓடுவது, 2012, 2013 காலத்து மதர்போர்டில் போட்டால் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது. இன்டெல் ஆர்க் கார்டையும் அந்தப் பழைய போர்டுகளில் போட வேண்டாம்.

பாவித்த கார்ட் வாங்குவதில் பயம் நியாயமானதுதான். 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது அதில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஆனால் மைனிங் கார்டைவிட எனக்குப் பயம் போலிக் கார்ட். பழைய ஜிடிஎஸ் 450ஐ எடுத்து அதற்குள் பதிந்திருக்கும் பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, அதைவிடப் புதிய 1050 டிஐ கார்ட் என்று விற்கிறார்கள், விண்டோஸும் அதை அப்படியே நம்பிப் பெயரைக் காட்டும். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், போலியென்றால் பெரும்பாலும் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். 1050 டிஐ என்று தருகிற கார்டில் பழைய நீல நிற விஜிஏ துளை இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

சரி, இனி கரண்ட். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் போட்டு, நாலைந்து பேர் மோட்டரும் போட்டால், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் பல்ப் மங்குவது உங்களுக்கே தெரியும். லேபிளில் 100-240 வோல்ட் என்று போட்ட பவர் சப்ளை அதைச் சமாளிக்கும், மலிவானது தடுமாறும். அதைவிட முக்கியம் ஏர்த். ரெண்டு பின் பிளக்கைச் செருக மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தித் திறக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதே கையோடு மூன்று பின் பிளக்கையும் ஏர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் போட்டு ஓட்டுகிறோம். கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்று குத்துகிறதா? ஏர்த் இல்லை, அல்லது எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைச் செருகிப் புதுக் கார்டின் போர்ட்டைக் கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

கார்டே தேவைப்படாதவர்களும் வருகிறார்கள். முல்லைத்தீவிலிருந்து ஒருவர் "கேம் இழுக்குது, புதுக் கார்ட் போடுங்கோ" என்று வந்தார். பின்பக்கக் காற்றாடியின் வாயை ஒரு குளவி மண்ணால் பூசி அடைத்துக் குடியிருந்தது. பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் முழுக்கச் செம்மண் புழுதி, உள்ளே பல்லி முட்டை ரெண்டு. பிராசஸர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊதித் துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டு, ஒற்றை ராம் இருந்த இடத்தில் இரண்டாவதையும் போட்டுக் கொடுத்தேன். கார்ட் விற்றிருந்தால் எனக்கு லாபம், என்ன செய்வது.

விசுவமடுப் பொடியனுக்கு நல்ல பவர் சப்ளை ஒன்று போட்டோம், கார்ட் இன்னும் ஓடுகிறது. போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான், கூட்டாளி ஒருவன் வாங்கப் பார்த்த பவர் சப்ளையின் லேபிள். "அண்ணை, 600 எண்டு போட்டிருக்கு, ஆனா 18 ஆம்பியர். பெருக்கிப் பாத்தன், வேண்டாம் எண்டு சொல்லிட்டன். சரிதானே?"