கல்லச்சு: வெட்டாத கல்லில் ஹாம்லெட்

கல்லில் படம் வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் முறையைக் குறிக்கும் லித்தோகிராஃப் என்பது கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 'லிதோஸ்' என்றால் கல். 'கிராஃபைன்' என்றால் எழுதுதல், வரைதல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கல்லெழுத்து'. ஆனால் அப்படிச் சொன்னதும் நமக்குக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். 'சிலையில் எழுத்து' என்றால் அழியாதது என்றும் கொள்வோம். இங்கே இரண்டுமே பொருந்தாது. கல்லை யாரும் வெட்டுவதில்லை. தாளில் அச்சுப் படிகள் எடுத்து முடிந்ததும் படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே கல்லில் அடுத்ததை வரைவார்கள். ஆகவே முறைக்குக் கல்லச்சு, அதில் எடுத்த படிக்குக் கல்லச்சுப்படம்.

1790களின் பிற்பகுதியில் மியூனிக்கில் இதைக் கண்டுபிடித்த ஆலோய்ஸ் செனஃபெல்டர் நாடகம் எழுதுபவர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியவர். அந்தக் கல் பிறகு துன்பியல் நாடகங்களுக்கே நன்றாக உழைத்தது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1828இல் ஜெர்மன் கவிஞர் கெதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்துக்கு 17 காட்சிகளும் கெதேயின் உருவப்படம் ஒன்றும் வரைந்தார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டை 1834இல் தொடங்கி, 1843இல் 13 படங்களாக வெளியிட்டார். அதில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி பாதி நீரில் கிடக்கிறாள்.

வேலை நடப்பது இப்படி. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லை மணலும் நீரும் விட்டு, இன்னொரு கல்லால் தேய்த்துச் சொரசொரப்பு ஏற்றுவார்கள். மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி சேர்ந்த பென்சிலால் வரைவார்கள். விரல் பட்டால் போச்சு: தோலின் எண்ணெய்ப் பசையைக் கல் பிடித்துக்கொள்ளும், படியில் ரேகை விழும். அடுத்து வேலம் பிசின் கரைசலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். கோடில்லாத இடத்தில் பிசின் ஒட்டிக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கும். அமிலம் கூடினால் மெல்லிய சாம்பல் நிழல்கள் வெந்துபோகும். குறைந்தால் இருட்டுப் பகுதிகள் அடைத்துக் கறுத்துவிடும். பேய் உலவும் இரவுக் காட்சிகளில் இந்த அளவுதான் உயிர். டர்பன்டைனால் பென்சில் கறுப்பைத் துடைத்து, பஞ்சால் நனைத்து, எண்ணெய்ப் பசையுள்ள மை தோய்ந்த உருளையை ஓட்டினால் கொழுப்புள்ள இடம் மட்டும் மையை ஏற்கும். கல் காய்ந்துவிட்டால் வெற்றிடமும் மை வாங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் நனைத்தாக வேண்டும்.

படம் இடவலம் மாறி அச்சாகும். மறந்து நேராக வரைந்தால் வாள் இடக்கைக்குப் போய்விடும்.

எல்லா நாடகப் படங்களையும் கல்லச்சு என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஷாசேரியோ 1844இல் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வுக்குச் செய்த 15 படங்கள் உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்தவை. அவற்றைத் தகட்டு அரிப்பச்சு என்பதே சரி. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டச்சில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அமுங்கிய பள்ளம் தெரியும். கல்லச்சில் பொதுவாக இராது, உருப்பெருக்கியில் பென்சில் கோடு மணல்மணலாகப் பிரிந்து தெரியும்.