லென்ஸ்: பருப்பிலிருந்து வில்லை வரை

கேமரா பாடியை மாற்ற நினைப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் கடையில் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, பழைய லென்ஸ் இதுல உக்காரும்லா?" என்பதுதான். சரியான கேள்வி. ஆனால் லென்ஸ் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். பள்ளிக்கூட இயற்பியலில் லென்ஸ் என்றால் ஒற்றைக் கண்ணாடித் துண்டு. நடு தடித்திருந்தால் குவிலென்சு, நடு மெலிந்திருந்தால் குழிலென்சு. கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபர் "தம்பி, அந்த லென்ஸை எடு" என்னும்போது கேட்பது ஒரு முழுக் குழலை. அதற்குள் பல கண்ணாடிகள், ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள், பெரும்பாலும் ஒரு சிறு மோட்டார், பாடியோடு பேசும் மின்முனைகள் எல்லாம் இருக்கும்.

லத்தீனில் லென்ஸ் என்றால் ஒரு பருப்பு வகை. நாம் மைசூர்ப் பருப்பு என்கிறோமே, அதேதான். உடைக்காத முழுப் பருப்பு ஒன்றை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: இரு பக்கமும் புடைத்து, விளிம்பு கூர்மையாக முடியும். இருபுறக் குவிலென்சின் வடிவம் அச்சாக அதுதான். ஐரோப்பிய அறிஞர்கள் இந்த வடிவக் கண்ணாடிக்கு இந்தப் பருப்பின் பெயரையே வைத்தார்கள். ஜெர்மனில் 'லின்ஸ', பிரெஞ்சில் 'லாந்தீய்' என்னும் சொற்கள் இன்றும் பருப்பையும் கண்ணாடியையும் சேர்த்தே குறிக்கின்றன. அரபியிலும் பருப்பு 'அதஸ்', லென்ஸ் 'அதஸா'.

நம் ஊரில் சாம்பாருக்குத் துவரம்பருப்பு, சொதிக்குப் பாசிப்பருப்பு. மைசூர்ப் பருப்பு அவ்வளவாகப் புழங்காத சமையலறை நம்முடையது. பருப்பின் பெயரை அப்படியே தமிழில் பெயர்த்திருந்தால் யாருக்கும் ஒட்டியிருக்காது. நல்லவேளையாகத் தமிழ் தன்னிடம் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டது: வில்லை.

வில்லை என்றால் சிறிதாக, வட்டமாக, தட்டையாக இருக்கும் துண்டு. கற்பூர வில்லை, சந்தன வில்லை, மணப்பெண்ணின் சடையில் வரிசையாகக் குத்தும் சடைவில்லை, அரசு அலுவலகச் சேவகரின் டவாலியில் பளபளக்கும் பித்தளை வில்லை என்று பல இடங்களில் வாழும் சொல் இது. பில்லை என்றும் சொல்வோம். தெலுங்கில் பில்ல, கன்னடத்தில் பில்லெ. வளைந்த பரப்பு என்பதால் வில்லிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பில்லை என்ற வடிவமும் அண்டை மொழிகளும் வட்டத் துண்டு என்ற பொருளைத்தான் காட்டுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வில்லை எப்போதோ நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் லென்சு என்றே எழுதினாலும், மூக்குக்கண்ணாடி வில்லை என்றால் இங்கேயும் எல்லோருக்கும் புரியும்.

என் கருத்து இதுதான்: ஒற்றைக் கண்ணாடிக்கு வில்லை என்போம். கேமராவில் மாட்டும் குழலுக்கு வில்லைத்தொகுதி என்பதே பொருத்தம். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் மிகச் சாதாரணமான, விலை குறைந்த லென்ஸ்; அதற்குள்ளேயே 6 வில்லைகள் 5 குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடையில் லென்ஸ் என்றே கேளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்டினால், படிப்பவருக்குப் பணம் எங்கே போகிறது என்று விளங்கும். பாடி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல வில்லைத்தொகுதி இரண்டு மூன்று பாடிகளைப் பார்த்துவிடும்.

அப்புறம் அந்த 'உக்காருமா' என்ற கேள்வி. லென்ஸ் பாடியில் பூட்டும் வளையத்தை மவுண்ட் என்கிறார்கள். பூட்டுவாய் என்றால் தமிழில் சரியாக வரும். நிக்கானின் எஃப் பூட்டுவாய் 1959இல் வந்தது. கேனானின் இஎஃப் 1987இல். இரண்டு நிறுவனங்களும் 2018இல் உள்ளே பிம்பத்தைத் திருப்பும் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களுக்குப் புதுப் பூட்டுவாய் கொண்டுவந்தன: நிக்கானுக்கு இசட், கேனானுக்கு ஆர்எஃப். பழைய எஃப் பூட்டுவாயிலிருந்து சென்சார் (படம் பதியும் சில்லு) 46.5 மி.மீ. தள்ளி இருக்கும், இசட்டில் 16 மி.மீ.தான். நடுவில் மிஞ்சும் 30.5 மி.மீ. இடத்தில் ஒரு அடாப்டர் வளையம் உட்காருவதால் பழைய லென்ஸ் புதுப் பாடியில் வேலை செய்கிறது. புது லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட அந்த இடம் கிடையாது.

அடாப்டர் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை. பாடியில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். எஃப் லென்ஸை இசட் பாடியில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. படம் எடுக்கலாம், குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அது ஆகாத காரியம்.

பெரிய சிக்கல் சென்சார் அளவில். சிறு சென்சாருக்கென்றே செய்த நிக்கான் டிஎக்ஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் பாடியில் மாட்டினால், பாடி சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் பாடி ஏறத்தாழ 10 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) மாட்டவே மாட்டாது. பெரிய பாடி வாங்கிவிட்டு சிறு சென்சார் கேமராவோடு சேர்த்துக் கொடுத்த 18-55 கிட் லென்ஸையே தொடர்வது, கொடுத்த காசில் பாதியைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

எந்த லென்ஸ் என்பதை எடுக்கப்போகும் இடம் சொல்லும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்துகளும் கூழைக்கடாக்களும் உங்கள் ஆசை என்றால், ஃபுல் ஃபிரேமுக்கு அவசரப்படாதீர்கள். லென்ஸின் மி.மீ. என்பது குவியத் தொலைவு; அது கூடக்கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். நிக்கானின் சிறு சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. காட்டும் அளவுக்கே காட்சியைக் காட்டும். பாடியைப் பெரிதாக்கினால் பறவை சட்டத்துக்குள் சிறுத்துப்போகும். அதை ஈடுகட்டும் லென்ஸ் விலையும் எடையும் கூடியது. அங்கே கூடுகளை ஊராரே காத்து நிற்கிறார்கள். நெருங்கிப் போய்ப் பறவையைக் கலைப்பதைவிடத் தொலைவில் நின்று எடுக்கும் லென்ஸே மரியாதை.

கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்குக் கதை வேறு. உள்ளே வெளிச்சம் குறைவு. அங்கே கேட்க வேண்டியது, எஃப் என்று குறிக்கும் துளையின் எண். அந்த எண், குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. அதனால் எண் சிறிதானால் துளை பெரிது. 5.6இலிருந்து 1.8க்கு வந்தால் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி வரும். மண்டபத்தில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போதோ கூட்டத்துக்குள் பின்னால் நகர இடமே இருக்காது, 24 மி.மீ. போன்ற அகன்ற காட்சி வேண்டும். ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவது உண்மையிலேயே பலன் தருவது இந்த இரண்டு இடங்களில்தான்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் இரு பக்க மூடியையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வில்லையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளைத்துப் போனால் அது பூஞ்சை. ஈரக்காற்றில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸில் இது வரும். முன் வில்லையில் இரண்டொரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. பூஞ்சையோ வில்லையின் பூச்சையே அரித்துவிடும். விலை எவ்வளவு குறைத்தாலும் அதை வாங்க வேண்டாம்.