கொத்து வரிசை: பல இனக் கோழிகள் ஒரே கூட்டமாவது எப்படி?

முதன்முதலாகக் கோழி வளர்க்க இறங்குபவர்களில் பலர் ஒரே இனத்தோடு நிற்பதில்லை. முட்டைக்கு லெகார்ன், திடத்துக்கு ரோட் ஐலண்ட் ரெட், அழகுக்கு சில்கி என்று கலந்து வாங்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கொட்டகைக்குள் விட்ட சில நிமிடங்களில் சண்டை தொடங்கும். இரண்டு பெட்டைகள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நிமிர்ந்து நிற்கும். ஒன்று பாய்ந்து மற்றதன் உச்சந்தலையில் கொத்தும். கொத்து வாங்கியது தலையைத் தாழ்த்தி விலகிவிட்டால் அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது. அடுத்த முறை தீவனத் தட்டருகே இரண்டும் சந்திக்கும்போது கொத்தக்கூட வேண்டியிருக்காது. ஒரு பார்வையே போதும்.

இதைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தவர் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே. யார் யாரைக் கொத்துகிறது, யார் திருப்பிக் கொத்துவதில்லை என்று சிறுவயதிலிருந்தே கவனித்து வந்தவர், 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். எந்தக் கோழி எதை அடக்கும் என்ற ‘கொத்து வரிசை’ என்னும் கருத்து அங்கிருந்து வந்ததுதான். வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை என்பதையும் அவரே கண்டார். முதல் கோழி இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், ஆனால் மூன்றாவது முதல் கோழியையே விரட்டும்.

இந்த ஏற்பாடு நிற்பது நினைவாற்றலின் மேல். ஆறு பெட்டைகள் கொண்ட கூட்டத்தில் 15 ஜோடி உறவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோழியும் மற்ற ஐந்தையும் அடையாளம் வைத்திருக்க வேண்டும். அடையாளத்துக்குப் பெரும்பாலும் உதவுவது தலைதான்: கொண்டை, தாடை, முகம். கொண்டையின் வடிவத்தையோ நிறத்தையோ மாற்றிவிட்டால், பழகிய கோழியையே மற்றவை அந்நியமாக நடத்துவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சில வாரங்கள் கண்ணில் படாமல் இருந்த கோழியையும் கூட்டம் புதிதாகத்தான் வரவேற்கும். அதனால் நோயுற்ற கோழியைப் பிரிக்கும்போது, தொற்றுநோய் இல்லையென்றால், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மற்றவை பார்க்கும்படி வைப்பது நல்லது. திரும்பி வரும்போது அதன் இடம் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

கலப்புக் கூட்டத்தின் சிக்கல் இங்கேதான் வருகிறது. உடல் எடை, துணிச்சல், கொண்டையின் அளவு எல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடுவதால் போட்டி சமமாக இருப்பதில்லை. பாரமான இனத்துக்கு எதிரே குட்டை இனக் கோழிக்கு வாய்ப்பு குறைவு. தலையில் இறகுக் குடுமி உள்ள இனங்களின் பாடு இன்னும் மோசம். குடுமி கண்ணை மறைப்பதால், கொத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே அவற்றுக்குத் தெரியாது. குடுமி இனங்களையும் முரட்டு இனங்களையும் முதல் கூட்டத்திலேயே சேர்க்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

புதுக் கோழியைத் தனியாகக் கொண்டுவந்து விடுவதும் கூடாது. ஆறு கோழிக் கூட்டத்தில் ஒன்று நுழைந்தால் ஆறு மோதல்களும் அதன் தலையிலேயே விழும். மூன்றாக நுழைந்தால் அடி பங்கு போடப்படும். முதலில் ஒரு மாதம் தனியிடத்தில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ஒன்றிரண்டு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும் பார்த்துப் பழகவிட்டு, அதன்பின் கலக்கலாம். குஞ்சுகளை உடல் வளரும் முன்னே பெரியவற்றோடு விடவே கூடாது. ஒன்றாக வளரும் குஞ்சுகளுக்குள் வரிசை ஏறக்குறைய இரண்டு மாத வயதில் தானாக அமைந்துவிடும். முதல் கூட்டத்தை ஒரே வயதுக் குஞ்சுகளாகத் தொடங்குவது எளிது என்பதற்கு இதுவே காரணம்.

வரிசையை நாம் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அது நிலைத்துவிட்டால் சண்டை குறைகிறது. நாம் செய்ய வேண்டியது, கடைசியில் இருக்கும் கோழிக்கு விலகிப்போக இடம் தருவது. தாழ்ந்த கோழி அலகால் ஒரு மணியை எடுத்துவிட்டு உடனே தலையைத் தூக்கிப் பார்க்கிறதா, மற்றவை தின்று முடித்த பிறகே தட்டுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் முதல் தட்டருகே நிற்கும் கோழியின் பார்வையில் படாதபடி இரண்டாவது தீவனத் தட்டும் தண்ணீரும் வையுங்கள். ஒரு மூலையில் சிக்கி நிற்காதபடி தடுப்புப் பலகைகள், எல்லாமே ஏறி அடையும் அளவுக்கு நீளமான கட்டை, புழுதியில் புரள இடம் ஆகியவையும் வேண்டும். இரத்தம் கசிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவை அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்திக் கொன்றுவிடக்கூடும். காயம்பட்டதை அந்த நிமிடமே பிரிக்க வேண்டும்.

தீவனத்திலும் இனக்கலப்பு ஒரு கணக்கை வைக்கிறது. முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதற்காக முட்டைக் கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கிறார்கள். முட்டையிடாத இளங்கோழிக்குச் சுமார் 1 சதவீதம் போதும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். லெகார்ன் 20 வார வயதை ஒட்டி முட்டையிடத் தொடங்கும். அதே நாளில் பொரித்த பிரம்மா இனக் கோழிக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். ஒரே தட்டில் தின்னும் இந்த இரண்டுக்கும் வளர்கோழித் தீவனத்தையே பொதுவாகப் போட்டு, நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியத்தின் மேல் தனிப் பசி உண்டு. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால், மாலையில் அது தானாகச் சிப்பிக் கிண்ணத்தைத் தேடிப்போகும். தேவையில்லாத இளங்கோழி பெரும்பாலும் அந்தப் பக்கம் அதிகம் போகாது.