கேஸ் ஃபிரிட்ஜ்: உறிஞ்சல் குளிர்பதனி

‘ஃபிரிட்ஜில் கேஸ் போய்விட்டது’ என்று நாம் சொல்லும்போது, குழாய்க்குள் சுற்றிவரும் குளிரூட்டும் பொருளையே கேஸ் என்கிறோம். எரிவாயுச் சுடரால் இயங்கும் ‘கேஸ் ஃபிரிட்ஜ்’ என்னும் பெயரிலோ அதே சொல் அடுப்பெரிக்கும் எரிவாயுவைக் குறிக்கிறது. குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

‘கேஸ்’ என்பது 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்னும் பிளெமிய (இன்றைய பெல்ஜிய) அறிஞர், ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் ஒலியைத் தழுவி ஆக்கிய சொல். தமிழில் அதற்கு வாயு என்றும் வளி என்றும் வழங்குகிறோம். ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ என்பது குளிரைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. காத்தல் என்னும் பொருளுடைய ‘பதனம்’ சேர்ந்திருப்பதால், ‘குளிர்சாதனப் பெட்டி’யைவிடக் ‘குளிர்பதனி’ சுருக்கமும் பொருத்தமும் உடையது.

இனி, நெருப்பு எப்படிக் குளிர் தரும்? சுடர் நேரடியாகக் குளிர்விப்பதில்லை. அமோனியா கரைந்த நீரைச் சூடாக்கி, அமோனியாவை ஆவியாகப் பிரிப்பதே அதன் வேலை. அந்த ஆவி பின்புறக் குழாய்களில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து நீர்மமாகிறது. பின்னர் அது ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் இறங்குகிறது. அங்கே மொத்த அழுத்தம் குறையாவிட்டாலும், அதில் அமோனியாவின் பங்கு மிகச் சிறிதாக இருப்பதால், அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே மீண்டும் ஆவியாகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர் பிறப்பது இந்த இடத்தில்தான். இறுதியில் நீர் அந்த அமோனியாவை உறிஞ்சிக்கொள்ள, நீரில் அவ்வளவாகக் கரையாத ஹைட்ரஜன் தனித்துத் திரும்புகிறது. கொதிக்கும் குமிழிகளே நீர்மத்தை மேலேற்றுவதால் மோட்டாரும் இல்லை, இரைச்சலும் இல்லை. மற்ற ஓட்டமெல்லாம் புவியீர்ப்பை நம்பியிருப்பதால் பெட்டி சாய்ந்து நிற்கக் கூடாது.

அமோனியாவும் நீரும் கொண்ட பொறியைப் பிரான்சின் ஃபெர்டினான் கரே 1859இல் உருவாக்கினார். ஹைட்ரஜனைச் சேர்த்துப் பம்பே வேண்டாத வடிவத்தை 1922இல் ஸ்டாக்ஹோமில் அமைத்த பால்ட்சார் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்சும் அப்போது மாணவர்கள். மண்ணெண்ணெய்ச் சுடரோ மின்சூடாக்கியோ கொண்டும் இதே பொறி இயங்கும் என்பதால், எரிபொருளை வைத்து ‘எரிவாயுக் குளிர்பதனி’ என்று பெயரிடுவது பாதிப் பொருளையே தரும். செயலை வைத்து ‘உறிஞ்சல் குளிர்பதனி’ என்பதே என் தேர்வு.

‘அப்சார்ப்ஷன்’ என்பதன் இலத்தீன் வேருக்கும் உறிஞ்சுதல் என்றே பொருள். இலங்கைப் பாடநூல்கள் இதனை ‘அகத்துறிஞ்சல்’ என்கின்றன; உள்ளே இழுத்துக்கொள்ளுதல் என்னும் கருத்து அதில் இன்னும் தெளிவு. ஈரத்தை ஈர்க்கும் சிலிக்கா ஜெல் மணிகளின் பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்வதும் குளிரூட்டும் பொறிகளில் பயன்படுகிறது. ஆனால் அது ‘பரப்புக் கவர்தல்’, உறிஞ்சல் அன்று.