பிரேக் போட்டால் வேகம் கூடும் இடம்

முன்னால் போகும் வண்டியை எட்டிப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை மிதிப்போம். 1965 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட்டும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். கலத்தைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேல்பகுதி, கழன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். அது நெருங்கவில்லை, விலகியது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது.

விமானியின் கையில் கோளாறு இல்லை. மேலே கணக்கே வேறு.

400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அங்கேயும் உண்டு. அங்கே சுற்றும் கலம் நொடிக்கு நொடி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. முதல் நொடியில் 4.3 மீட்டர். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அது விழுந்த அளவுக்குப் பூமியும் அடியில் வளைந்துவிடுவதால், தரைக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைவதேயில்லை.

சரி, பிரேக்குக்கு வருவோம். முன்னால் போகும் இன்னொரு கலத்தைப் பிடிக்க, 10 கிலோமீட்டர் கீழே இறங்குகிறோம் என்று வையுங்கள். முதலில் எஞ்சினை எதிர்ப்பக்கமாக இயக்கி, வேகத்தில் நொடிக்கு 2.8 மீட்டர் குறைக்கிறோம். பாதை உள்ளே வளைந்து, பூமியின் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் 10 கிலோமீட்டர் இறங்கியிருப்போம். இறக்கத்தில் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதால் வேகம் 11.3 மீட்டர் ஏறியிருக்கும். அந்த உயரத்திலேயே வட்டமாகச் சுற்ற இன்னொரு 2.8 மீட்டர் பிரேக்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். இரண்டு பிரேக்கிலும் பறிகொடுத்தது ஐந்தரை மீட்டர் சொச்சம். கிடைத்ததோ பழைய வேகத்துக்கு மேல் அதே ஐந்தரை மீட்டர் சொச்சம்! இறக்கம் கொடுத்ததில் பாதியை பிரேக் தின்றது, மீதிப் பாதி நம் கையில். வட்டமும் சிறியதாகிவிட்டதால் ஒவ்வொரு சுற்றுக்கும் 12 நொடி மிச்சம். அதாவது, சுற்றுக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறுகிறோம்.

மெக்டிவிட் செய்தது இதற்கு நேர் எதிர். முன்னால் உந்த உந்தக் கலம் மேலேறியது, மேலேறியதும் மெதுவானது.

எஞ்சினே இல்லாத பழைய செயற்கைக்கோளுக்கும் இதே கதிதான். அந்த உயரத்திலும் துளி காற்று இருக்கிறது. அது உராய உராய, கோள் தாழ்ந்து, முன்னைவிட வேகமாக ஓடுகிறது. உராய்வு ஒரு பொருளை விரட்டுவதை வேறெங்கே பார்க்க முடியும்?

அப்புறம், அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ, தாழ்வான பாதையிலிருந்து துரத்திப் போய், ஜெமினி 7-ஐ சுமார் ஓரடி இடைவெளி வரை நெருங்கியது.